பந்து வட்டமன்று

நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு பந்தைக் காட்டி, "இது என்ன வடிவம்?" என்று கேட்டால், "வட்டம்" என்னும் விடை உடனே கிடைக்கும். தீப்பெட்டியைக் காட்டினால் "செவ்வகம்" என்றும், லூடோ ஆட்டத்தின் பகடையைக் காட்டினால் "சதுரம்" என்றும் அக்குழந்தை கூறும். சுற்றி நிற்கும் பெரியோர் மகிழ்ந்து கைதட்டுவர். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே பிள்ளை வடிவங்களை அறிந்துகொண்டது என்று பெற்றோர் பெருமை கொள்வர். ஆனால் மூன்று விடைகளுமே பிழையானவை. பிழை குழந்தையினுடையதும் அன்று. நாம் வாங்கிக் கொடுத்த படப்புத்தகத்தில் பந்தின் படத்துக்குக் கீழே "வட்டம்" என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது.

வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம் ஆகியவை தளத்தில் வரையப்படும் உருவங்கள். அவற்றுக்கு நீளமும் அகலமும் உண்டு, தடிமன் இல்லை. அவற்றை வரையலாம், கையில் எடுக்க இயலாது. பந்தோ இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது, கைக்குள் அடங்குவது, எத்திசையிலும் உருள்வது. அதன் வடிவம் கோளம். பகடை கனசதுரம், தீப்பெட்டி கனச்செவ்வகம். மெழுகுவர்த்தியும் சப்பாத்திக் கட்டையும் உருளை. எண்ணெய் ஊற்றும் புனலின் மேற்பகுதி கூம்பு. இவற்றைத் திண்ம வடிவங்கள் என்கிறோம். குழந்தை பிறந்த நாள் முதல் தொட்டும் கடித்தும் எறிந்தும் பழகுவது திண்ம வடிவங்களோடுதான். தள உருவங்களை அது தாளிலும் திரையிலும் பின்னரே சந்திக்கிறது. நமது வீட்டுப் பாடமோ வரிசையைத் தலைகீழாக்கி, தாளில் தொடங்குகிறது.

இதனால் என்ன குறை வந்துவிடும் என்று கேட்கலாம். நீர்த்தொட்டியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கடனுக்காகக் கிளைக்கு வருவோர் மதிப்பீட்டுத் தாளில் தொட்டியின் அளவைப் பற்றிப் பேசுவதுண்டு. உயரத்தை இருமடங்காக்கினாலும் விட்டத்தை இருமடங்காக்கினாலும் கொள்ளளவு இருமடங்காகும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உடைய உருளைத் தொட்டி ஏறத்தாழ 785 லிட்டர் கொள்ளும். உயரத்தை 2 மீட்டராக்கினால் 1,570 லிட்டர். உயரத்தை அப்படியே விட்டு விட்டத்தை 2 மீட்டராக்கினால் 3,140 லிட்டர், அதாவது நான்கு மடங்கு. இதற்கான சூத்திரத்தை அனைவரும் உயர்நிலைப் பள்ளியின் அளவியல் பாடத்தில் மனப்பாடம் செய்தவர்களே. சூத்திரம் நினைவில் நின்றது, உருளை நிற்கவில்லை. பக்கவாட்டில் ஒரு பொருள் விரியும்போது அது இரு திசைகளில் விரிகிறது என்பதைக் கை உணர்ந்திருந்தால், சூத்திரம் மறந்த பின்னும் ஐயம் எழும். கொத்தனாரிடம் கேட்கவேண்டிய கேள்வி அந்த ஐயத்திலிருந்தே பிறக்கிறது.

குழந்தை வடிவத்தை எவ்வாறு அறிகிறது என்பதைக் கல்வியாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீல், டீனா வான் ஹீல் என்னும் ஆசிரியத் தம்பதியர் 1957ஆம் ஆண்டு தங்கள் ஆய்வேடுகளில் ஒரு படிநிலையை முன்வைத்தனர். அதன் முதற்படியில் குழந்தை ஒரு வடிவத்தை முழுமையாக, தனக்குத் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்டே அறிகிறது. "இது கதவு மாதிரி", "இது பந்து மாதிரி" என்பதே அதன் அறிவு. பக்கம் எத்தனை, முனை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அடுத்த படி. முதற்படியில் இருக்கும் குழந்தைக்குச் சதுரத்தைச் சற்றே திருப்பி முனையில் நிறுத்திக் காட்டினால், "இது வைரம்" என்று கூறிவிடும். நிமிர்ந்து நிற்கும் மெழுகுவர்த்தியை உருளை என ஏற்கும் குழந்தை, படுத்திருக்கும் மெழுகுவர்த்தியை ஏற்கத் தயங்கும். ஆகவே ஒரே வடிவத்தைப் பல பொருள்களில், பல அளவுகளில், பல நிலைகளில் காட்டவேண்டியிருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த பொம்மைப் பெட்டி தேவையில்லை. சமையலறை போதும்.

மழலையர் பள்ளி என்னும் எண்ணத்தையே உலகுக்கு அளித்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரெடெரிக் ஃப்ரோபெல், 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தமது நிலையத்தைத் தொடங்கியபோது, குழந்தைகளின் கையில் எழுத்துப் பலகையைக் கொடுக்கவில்லை. வரிசையாகச் சில விளையாட்டுப் பொருள்களை வகுத்து, அவற்றுக்குக் கொடைகள் என்று பெயரிட்டார். முதற்கொடை நூலால் பின்னிய வண்ணப் பந்துகள். இரண்டாம் கொடை மரத்தாலான மூன்று பொருள்கள்: கோளம், கனசதுரம், உருளை. கோளம் உருளும், நிற்காது. கனசதுரம் நிற்கும், உருளாது. உருளையோ நிமிர்த்தினால் நிற்கும், படுக்கவைத்தால் உருளும்; இரண்டுக்கும் நடுவே நிற்கும் உறவினர் போன்றது. இம்மூன்றையும் ஒன்றாகக் கொடுத்ததில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால், கண்ணுக்கு ஓர் உருளை தோன்றும். சோப்புப் பெட்டியும் நூலும் இருந்தால் இதை இன்று மாலையே நம் வீட்டில் செய்து பார்க்கலாம். குழந்தையைக் காட்டிலும் பெரியோர் இதில் அதிகம் வியப்பதுண்டு.

மரியா மாண்டிசோரி அம்மையார் இவ்வழியை மேலும் விரித்தார். அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாக இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்கினார். அவருடைய முறையில் நீல வண்ணம் பூசிய பத்து மரத் திண்மங்கள் உண்டு. குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றைத் தடவியே அடையாளம் காணவேண்டும். கண் விரைவில் முடிவு செய்துவிடும். கை ஒவ்வொரு விளிம்பையும் கடந்தாக வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

பணத்தோடு பழகும் தொழில் என்பதால் இவ்விடத்தில் எங்கள் மேசைப் பொருள்களையே எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புகிறோம். 500 ரூபாய்த் தாள் 150 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதனை மேசைமேல் வைத்தால் குழந்தை தயங்காமல் செவ்வகம் என்கும். உண்மையில் அத்தாளுக்கும் மெல்லிய தடிமன் உண்டு. கண்ணுக்குப் பொருட்படுத்தத் தோன்றுவதில்லை. நூறு தாள்களை அடுக்கிக் கட்டினால் அது ஒரு கட்டு. இப்போது விரலால் பக்கவாட்டைத் தடவலாம், உயரம் வந்துவிட்டது. பத்துக் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் செங்கல் போன்ற கனச்செவ்வகம் எழுந்து நிற்கும். செவ்வகம் எப்போது கனச்செவ்வகம் ஆனது என்று குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் நூறு தாள்களை அடுக்கும் வசதி எல்லா மாதமும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதை அறிவோம். பழைய திருமண அழைப்பிதழ்களோ சீட்டுக்கட்டோ அதே பாடத்தைக் கற்பிக்கும்.

நாணயம் இன்னும் வளமான பொருள். நாணயத்தை வட்டம் என்றே அனைவரும் சொல்கிறோம். அதன் முகம் வட்டம் என்பது சரி. ஆனால் நாணயம் முழுதும் ஒரு குட்டையான உருளை. பத்து நாணயங்களை அடுக்கினால் இது வெளிப்படும். கடைக்காரர்கள் சில்லறையைத் தாளில் சுருட்டி வைப்பார்களே, அச்சுருள் படப்புத்தகத்து உருளையேதான். உயரமான உருளையை மட்டுமே பார்த்துப் பழகிய குழந்தை, தட்டையான உருளையையும் உருளை என ஏற்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

மேலும் ஒன்று. 2019 மார்ச்சில் வெளியிடப்பட்ட நாணயத் தொகுதி, பார்வைக் குறைபாடு உடையோர் தொட்டே அறிந்துகொள்ளும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. மதிப்பு கூடக் கூட எடை கூடும். 1 ரூபாய் 20 மில்லிமீட்டர் விட்டம், 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27. அடுத்து வரும் 20 ரூபாய் நாணயமும் 27 மில்லிமீட்டர்தான். அளவில் இரண்டும் ஒன்றெனில் விரல் எப்படிப் பிரித்தறியும்? 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு. அடுக்கிவைத்தால் 10 ரூபாய் நாணயங்கள் உருளையாகவும், 20 ரூபாய் நாணயங்கள் பன்னிரு பக்கப் பட்டகமாகவும் நிற்கும். ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி இரண்டையும் கொடுத்தால், சில முறைகளுக்குள் பிரித்துவிடும். பார்வையற்ற ஒருவர் பேருந்தில் சில்லறையை எண்ணி வாங்கும் திறமும் இதே அறிவுதான் என்பதை அப்போது எடுத்துச் சொல்லலாம். (10 ரூபாய் நாணயம் செல்லாது என்னும் வதந்தி நமது பகுதியில் அவ்வப்போது தலைதூக்குகிறது. எல்லா வடிவமைப்பிலும் உள்ள 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை தெளிவுபடுத்தியுள்ளது.)

தாத்தா பாட்டியின் பெட்டியில் பழைய காசுகள் கிடந்தால் அவற்றையும் தேடி எடுக்கலாம். முனை மழுங்கிய சதுரமான 5 காசு, பூவிதழ் போல நெளிந்த விளிம்புடைய 10 காசு, அறுகோணமான 20 காசு, பதினொரு பக்கமுள்ள பழைய 2 ரூபாய் என ஒரு கைப்பிடிக்குள் ஒரு வடிவியல் பாடமே அடங்கும். 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆதலால், அவை விளையாட்டுக்குப் போனால் குடும்ப வரவுசெலவில் துண்டு விழாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வாயில் பொருளை வைக்கும் வயதுக் குழந்தைக்கு நாணயம், கோலிக்குண்டு, பகடை ஆகிய எவற்றையும் கொடுக்கலாகாது. அவர்களுக்குப் பந்தும், பெரிய டப்பாவும், அட்டைப்பெட்டியும் போதும். மூத்த பிள்ளைகளும் பெரியவர் அருகில் இருக்கும்போதே நாணயங்களைக் கையாள வேண்டும்.

தளத்துக்கும் திண்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் திருப்பதிக்கு இணையான ஊர் இல்லை என்று நாம் உரிமையோடு சொல்லலாம். ஏனெனில் இங்கு லட்டு இருக்கிறது. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு, கைக்கு அடங்கும் கோளம். அது எவ்வாறு உருவாகிறது என்பதில்தான் பாடம் உள்ளது. வீட்டில் பண்டிகைக்குப் பூந்தி தேய்க்கும்போது குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளி அமர்த்தி, பூந்திக்கரண்டியை முதலில் காட்டுங்கள். கரண்டியின் துளை வட்டம். அதனைக் கையில் எடுக்க முடியுமா? முடியாது, அது ஓர் இடைவெளி. மாவு அத்துளை வழியே சொட்டாக விழுந்து, நீர்த்துளி திரள்வது போலத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு, எண்ணெயில் கோளமாக வேகிறது. அந்தப் பூந்தியைக் கையில் எடுக்கலாம், எண்ணலாம், தின்னலாம். வட்டத்தின் வழியாகக் கோளம் பிறந்தது. மறுநாள் இடியாப்பம் பிழிவோம். அங்கும் அச்சின் துளை வட்டமே. ஆனால் மாவு சொட்டாமல் தொடர்ந்து இறங்குவதால் நீண்ட மெல்லிய உருளை வருகிறது. துளை ஒன்று, வெளிவரும் வடிவம் இரண்டு. மூன்று துளை, நட்சத்திரத் துளை என அச்சை மாற்றி முறுக்கு பிழிந்தால், அடுத்து என்ன வடிவம் இறங்கும் என்று குழந்தை முன்கூட்டியே சொல்லத் தொடங்கும். இந்த முன்கூட்டிச் சொல்லுதலையே கற்றல் என்கிறோம். பெயர் சொல்லுதல் அதன் பின்னால் வருவது.

எதிர்வழியிலும் செல்லலாம். திண்மத்தை வெட்டித் தளத்தைக் காணலாம். காரட்டைக் குறுக்கே நறுக்கினால் வட்டம். சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம். கத்தி நம் கையில், கணிப்பு குழந்தையின் வாயில் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். லட்டை எப்படி வெட்டினாலும் வட்டமே கிடைக்கும் என்பதைச் சோதிக்கக் குழந்தைகள் எப்போதும் ஆயத்தமாகவே இருப்பர்.

நமது மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்குக் குறிப்பிட வேண்டும். சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி வட்டாரங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கோ ஆங்கிலமோ பயிலும் பிள்ளைகள் ஏராளம். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை எடுத்துச் சித்தூர் மாவட்டம் அமைந்த நாள் முதல் இம்மண் இருமொழி மண்தான். இப்பிள்ளைகளுக்கு ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள். வீட்டில் உருளை, தெலுங்குப் பாடநூலில் ஸ்தூபம், ஆங்கிலத்தில் சிலிண்டர். கூம்பு அங்கே சங்குவு. கோளம் மட்டுமே இரு மொழிக்கும் ஏறத்தாழப் பொது. தெலுங்கில் கனசதுரத்தைக் குறிக்கும் கனம் என்னும் சொல் தமிழ்ச் செவிக்குப் பாரம் என்று ஒலிக்கும். சங்குவு என்றால் சங்கு நினைவுக்கு வரும். தமிழிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. உருளை என்றதும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தோன்றுவது கிழங்குதான், அந்தக் கிழங்கோ உருளை வடிவினது அன்று.

இந்நிலையில் வகுப்பில் எழுப்பி, "இதன் பெயர் என்ன?" என்று கேட்டவுடன் விழிக்கும் குழந்தையை வடிவம் அறியாதது என்று முடிவு கட்டுவது அநீதி. அது பொருளை அறிந்திருக்கலாம். அவ்வகுப்பின் சொல்லை அறியாதிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, பெயரைக் கேளாமல் செயலைக் கேட்பது. "இதைப் போல உருளும் வேறொன்றைக் கொண்டு வா" என்று சொன்னால், அக்குழந்தை ஓடிப்போய்ச் சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து நிற்கும். பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் இதனைப் பணிவோடு எடுத்துக் கூறலாம். வீட்டிலோ மூன்று சொற்களையும் அஞ்சாமல் பழக்கலாம். கூம்பு என்பதை விளக்க நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது: கூம்புதல் என்றால் குவிதல். கோயிலில் இரு கைகளையும் குவித்து நிற்கும்போது மேலே விரல் நுனிகள் ஒடுங்கிச் சேர்கின்றன அல்லவா, அந்த ஒடுக்கமே கூம்பு. இதைக் கேட்ட குழந்தை அச்சொல்லை எளிதில் மறவாது. சிலிண்டர் என்னும் சொல்லோ 14.2 கிலோ எரிவாயுவோடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

பெயருக்கு முன் பொருள், பொருளுக்கு முன் செயல் என்னும் இம்முறை நம் மண்ணுக்குப் புதிதன்று. ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியில், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்காக ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியவர்கள், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து தத்தம் வேகத்தில் கற்பதற்கான செயல்முறை அட்டைகளை உருவாக்கினர். பாடங்கள் ஏணிப்படிகள் போல அடுக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இம்முறையைக் கற்றுக்கொண்டு செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. நம் பக்கத்துக் குன்றுகளின் நடுவே பிறந்த எண்ணம் எல்லை கடந்து சென்றது என்பதில் நாம் சற்றே மகிழலாம்.

வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஒரு மஞ்சள் பையில் ரப்பர் பந்து, சோப்புப் பெட்டி, மெழுகுவர்த்தி, சிறு புனல், ரூபிக் கனசதுரம் ஆகியவற்றைப் போட்டுக் குழந்தையைப் பைக்குள் கைவிடச் சொல்லுங்கள். எடுக்கும் முன் அது விவரிக்க வேண்டும். "கூராக இருக்கிறது, குழியும் இருக்கிறது" என்றால் புனல். "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி" என்றால் பந்தாகவும் இருக்கலாம், கனசதுரமாகவும் இருக்கலாம். முனை குத்துகிறதா என்று அடுத்த வினா எழும். பெயர் வராவிட்டால் விட்டுவிடலாம். நாமே இயல்பாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் அதுவும் வந்துவிடும். பிறகு இரண்டு புத்தகங்களின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து, எது உருளும், எது சறுக்கும், எது அசையாது நிற்கும் என்று பந்தயம் வைக்கலாம். ஏழு வயதுக்குப் பின்னரே முகம், விளிம்பு, முனை என எண்ணத் தொடங்குவது நல்லது. கனசதுரத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை. எண்ணும்போது ஒரே முனையை இருமுறை எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் சிறு பொட்டு ஒட்டச் சொல்லலாம். ஒட்டிய பொட்டுகள் பின்னர் வீட்டுக் கதவிலும் தென்படும். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

வெளியே புறப்பட்டால் பாடம் பெரிதாகிறது. அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்தேறும் குடும்பங்கள் 3,550 படிகளைக் கடக்கின்றன. ஒவ்வொரு படியும் கிடைமட்டமாகக் கிடத்திய கனச்செவ்வகம். மலைப்பில் குழந்தை சோரும்போது, மண்டபத்துத் தூண் உருளையா பட்டகமா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னால் இருபது படி ஓடிவிடும். கோவிந்தராஜர் கோயிலின் கோபுரத்தைக் கீழிருந்து பார்க்கும்போது, அகன்ற செவ்வக அடியிலிருந்து தளந்தளமாகக் குறுகி மேலே செல்வது தெரியும். அது கூம்பு அன்று. கூம்பின் அடி வட்டம். அடி செவ்வகமாக இருந்து குறுகுவது பிரமிடின் இனம். உச்சியில், கலசங்களைத் தாங்கும் பகுதியை உற்றுக் கவனித்தால், ஓர் உருளையை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்தது போன்ற கூரை அமைந்திருக்கும். பெரியோர் பலர் ஆயிரம் முறை வணங்கியும் காணாத உருவம் அது.

இனி, பாடநூலுக்குள் அடங்காத பொருள்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். குழந்தை கட்டாயம் கேட்கும். டம்ளர் உருளையா? பலர் ஆம் என்பர். தரையில் படுக்கவைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். உருளையாக இருந்தால் நேராக ஓட வேண்டும். வாய் அகன்று அடி குறுகிய நம் டம்ளர் வளைந்து வட்டமடித்துத் திரும்பும். அது கூம்பின் நுனியை வெட்டியெடுத்த பின் எஞ்சிய துண்டு. பத்தாம் வகுப்பில் இதற்கே கூம்பின் இடைக்கண்டம் என்று பெயர். பெயர் இப்போது வேண்டாம். நேராக ஓடியதா, வளைந்து ஓடியதா என்பது போதும். எரிவாயுச் சிலிண்டரும் முழு உருளை அன்று. தோள்களும் அடியும் வளைந்திருக்கின்றன. அச்சு வெல்லம், பம்பரம், மண் உண்டியல் என ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வடிவங்கள் சேர்ந்தவை. "மேலே எது, கீழே எது?" என்று பிரித்துக் கேட்கலாம். கோழி முட்டை வளைந்தோடித் தொடங்கிய இடத்துக்கே வரப் பார்க்கும். வேகவைத்த முட்டையைக் கொண்டு இதைச் சோதிப்பது சிக்கனம்.

இட்லியின் வடிவத்துக்குத் தொடக்கப் பள்ளிப் பாடநூலில் பெயர் இல்லை. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, எந்தப் பட்டியலிலும் சேராமல் அது தட்டில் இருக்கிறது. "இது இட்லி வடிவம்" என்று குழந்தை சொன்னால் மறுக்க வேண்டாம். அதே வடிவில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று கேளுங்கள். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் பொறுக்கிய ஒரு தட்டைக் கூழாங்கல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கக்கூடும்.